பழங்கற்படியும் பழைய ஹெரால்டும்

பழைய கார் ஒன்றை வாங்கித் தம் கையாலேயே செப்பனிடப் புறப்படும் அன்பர்கள் முதலில் தேடி எடுப்பது ஸ்பானரை, அடுத்து உப்புத்தாளை. முதலில் எடுக்க வேண்டியது குறிப்பேடு என்பது நம் கட்சி. இக்கட்டுரை அந்தக் கட்சிக்கான வாதமே. கல்வெட்டும் சுவடியும் பேசி வந்த இடத்தில் கார்புரேட்டருக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். பழம்பொருளைத் திருத்துகிறவர் எதுவரை திருத்தலாம் என்ற கேள்வி கோயில் திருப்பணியிலும் உண்டு, சுவடிப் பதிப்பிலும் உண்டு. அதே கேள்வி கார்ப் பட்டறைகளிலும் ஏறத்தாழ நூறாண்டுகளாகக் கேட்கப்பட்டு வந்திருக்கிறது. அங்கே அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட விடையொன்று, நம் ஊர்க் கற்றளிகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது.

(மகிழுந்து என்று எழுதினால் தமிழ் சிறக்கும் என்பதை அறிவோம். ஆனால் பட்டறைக்குள் நுழைந்து 'மகிழுந்தின் விசைப்பொறி' என்றால் டிங்கர் அண்ணன் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஆகவே இக்கட்டுரை முழுவதும் கார் காராகவே ஓடும்.)

முதலில் நம் ஊர் விடையைப் பார்த்துவிடுவோம். கும்பகோணத்துக்கு அருகே திருக்கோடிக்காவல். பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் அக்கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த அறக்கொடை ஆவணங்களை என்ன செய்வது என்ற சிக்கல் எழுந்தது. கற்கள் சிதைந்திருந்தன; ஆவணங்களோ உயிருள்ளவை. அவற்றைப் புதிய சுவரில் மீண்டும் வெட்டினார்கள். வெட்டியதோடு நிற்காமல், இது மூலமன்று, பழைய கல்லிலிருந்து எடுத்த படி என்பதையும் சேர்த்து வெட்டினார்கள். 'பழங்கற்படி' என்பது அவர்கள் ஆண்ட சொல். திருமழபாடியில் நடந்தது இன்னும் கவனிக்கத் தக்கது. முதலாம் இராஜராஜர் தம் 28ஆம் ஆட்சியாண்டில் அங்கிருந்த விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டார். பிரிப்பதற்கு முன் சுவர்களில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைக்கச் செய்தார். அப்படிகள் மீண்டும் கல்லில் ஏறியது அவர் மகன் முதலாம் இராஜேந்திரரின் 14ஆம் ஆட்சியாண்டில். இடையில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள், அரசரே மாறிவிட்டார். புத்தகம் இருந்ததால் சுவர் மீண்டும் பேசியது.

பிரிக்கும் முன் படியெடு; புதியதைப் புதியது என்று சொல். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு கார்களுக்கு வருவோம்.

பழைய கார்களைப் பேணும் வழக்கம் கேலியில் பிறந்தது என்றால் பலர் நம்பமாட்டார்கள். இங்கிலாந்தில் 1896ஆம் ஆண்டுவரை சாலையில் செல்லும் இயந்திர ஊர்திக்கு மணிக்கு நான்கு மைல்தான் வேக வரம்பு. அதற்கு முன்னே ஓர் ஆள் நடந்து செல்லவும் வேண்டும். அவ்வாண்டு சட்டம் தளர்த்தப்பட்டது. அதைக் கொண்டாட நவம்பர் 14 அன்று இலண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை நகருக்குக் கார்கள் புறப்பட்டுச் சென்றன. முப்பத்தோர் ஆண்டுகள் கழித்து, 1927இல், அந்தப் பயணத்தை மீண்டும் நடத்திப் பார்த்தார்கள். அன்றைய மக்களுக்கு அது ஒரு வேடிக்கை. முனகிக்கொண்டும் புகைந்துகொண்டும் வந்த அந்த வண்டிகளைக் கிழட்டு ஓட்டை வண்டிகள் என்ற பொருள்படும் பெயரால்தான் அழைத்தார்கள். ஓட்டியவர்களும் அப்படித்தான் சிரித்துக்கொண்டே ஓட்டினார்கள்.

சிரிப்பு விரைவிலேயே ஆராய்ச்சியாக மாறியது. 1930இல் மூத்த கார்களுக்கான கழகம் ஒன்று அங்கே தொடங்கப்பட்டது. ஓட்டத்தில் கலந்துகொள்ளக் கார் 1905ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற எல்லை வகுக்கப்பட்டதும், 'உன் கார் உண்மையிலேயே அந்த ஆண்டினதா?' என்ற கேள்வி தவிர்க்க முடியாததாகிவிட்டது. சட்ட எண், எஞ்சின் எண், அச்சு அமைப்பு, விளக்குக் கொக்கி என ஒவ்வொன்றாக நோக்கிக் காலத்தைக் கணித்துச் சான்றிதழ் வழங்கும் முறை அக்கழகத்தில் உருவானது. எழுத்தமைதி கொண்டு கல்வெட்டின் காலத்தைச் சொல்லும் நம் அறிஞர்களின் வேலைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. செய்தவர்களோ பெரும்பாலும் பொழுதுபோக்குக்காரர்கள்.

அமெரிக்காவில் கதை வேறு திசையில் போயிற்று. கலிபோர்னியாவில் பெபிள் பீச் என்னும் இடத்தில் 1950இல் தொடங்கிய கார் அழகுப் போட்டியில் முதல் சில ஆண்டுகள் பரிசு பெற்றவை புத்தம்புதிய கார்களே. 1955இல்தான் பழைய கார் ஒன்று முதலிடம் பெற்றது. அது 1931ஆம் ஆண்டின் பியர்ஸ் ஆரோ. அதைச் செப்பனிட்டுக் கொண்டுவந்தவர் ஃபில் ஹில் என்ற இருபத்தெட்டு வயது இளைஞர். கார் அவருடைய அத்தை வைத்திருந்தது. (அவரேதான் 1961இல் ஃபார்முலா ஒன் உலக வாகையர் ஆனார். இந்தச் செய்தியை முதலில் படித்தபோது நமக்கு வியப்பாக இருந்தது.) உறவினர் வீட்டுக் காரைச் சொந்த ஈடுபாட்டால் செப்பனிட்ட ஓர் இளைஞர் பரிசு பெற்றதும் வாசல் திறந்துகொண்டது. அடுத்த பல பத்தாண்டுகளில் பழைய கார்கள் பழைய கார்களாகவே இல்லாமல் போயின. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில்கூட இல்லாத பளபளப்பு ஏற்றப்பட்டது. கீறல் இருந்தால் மதிப்பெண் குறையும். ஆகவே கீறல் இருந்த தகடே போயிற்று. மூலத் தோல் இருக்கை பிய்த்தெறியப்பட்டுப் புதிய தோல் வந்தது. ஐம்பதாண்டுக் காரில் ஐம்பது நாளுக்கு முந்தைய பொருள் எதுவும் இல்லை என்ற நிலை ஏற்பட்டபோதுதான் சிலர் விழித்துக்கொண்டார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே பெபிள் பீச்சில், திருத்தப்படாமல் பேணப்பட்ட கார்களுக்கெனத் தனிப் பிரிவு ஏற்பட்டது.

இந்த மனமாற்றத்தின் உச்சம் ஒரு புகாட்டி கார். 1925ஆம் ஆண்டுக் கார் அது. சுங்கவரி கட்டாமல் கைவிடப்பட்டதால் 1930களில் சுவிட்சர்லாந்தின் அஸ்கோனா அருகே மஜோரே ஏரியில் அமிழ்த்தப்பட்டது. நீரடியில் எழுபதாண்டுகளுக்கு மேல் கிடந்ததை உள்ளூர் மூழ்கு வீரர்கள் 2009 சூலையில் வெளியே எடுத்தார்கள். சேற்றில் புதைந்திருந்த பக்கம் ஓரளவு பிழைத்திருந்தது. மறுபக்கம் அரித்து ஓட்டையாகிவிட்டது. 2010 சனவரியில் பாரிசில் ஏலம் விட்டபோது இரண்டரை இலட்சம் யூரோவுக்கு மேல் விலை போயிற்று. வாங்கிய பீட்டர் மல்லின் நினைத்திருந்தால் ஒரே ஆண்டில் அதை மணமகள் போல அலங்கரித்திருக்கலாம். அவர் துருவோடும் ஓட்டையோடும் அப்படியே தம் அருங்காட்சியகத்தில் வைத்தார். எந்தக் காரிலும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பளபளப்பைவிட வரலாறு விலைபோகும் என்பதை உலகுக்குக் காட்டிய கார் அது.

பழைய கட்டடங்களைப் பேணுவதற்கான நெறிகளை 1964இல் வெனிசு நகரில் கூடிய வல்லுநர்கள் ஓர் ஆவணமாக வகுத்தார்கள். ஊகம் தொடங்கும் இடத்தில் திருத்தம் நின்றுவிட வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. அதை அடியொற்றி, பழைய ஊர்திகளுக்கான உலகக் கூட்டமைப்பு 2012இல் தனக்கென ஒரு சாசனத்தை ஏற்றுக்கொண்டது. செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதிவை. புதிதாகச் சேர்த்தது எது என்பது நோக்குவோருக்குத் தெரியும்படி வை. கூடுமானவரை பழையதையே காப்பாற்று என்பன அதன் சாரம். திருக்கோடிக்காவலையும் திருமழபாடியையும் அறிந்த வாசகர்களுக்கு இதைப் படிக்கையில் ஒரு புன்முறுவல் தோன்றுவது இயல்பே.

இனி நம் ஊருக்கு வருவோம். பழைய கார் என்றதும் பலர் நினைவுக்கு வருவது மன்னர்களின் ரோல்ஸ் ராய்சுகள். அவை நம் போன்றோர் கைக்கு எட்டாதவை. எட்டினாலும் பெட்ரோல் போட முடியாது. கற்றுக்கொள்ள விழையும் தமிழர் ஒருவருக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டே ஏற்ற கார் என்பது நம் துணிபு. அது சென்னையில் செய்யப்பட்டது என்ற ஊர்ப்பற்று ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது.

ஹெரால்டு முதன்முதலில் 1959 ஏப்ரலில் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் என்ற பெயரோடு வெளிவந்தது. அதற்குள் கார் உலகம், உடலும் சட்டமும் ஒன்றேயான ஓருடல் அமைப்புக்கு மாறிவந்தது. ஹெரால்டை மட்டும் தனிச் சட்டத்தின் மேல் தனி உடல் என்ற பழைய முறையில் ஏன் செய்தார்கள்? ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடற்கூடு செய்து கொடுத்து வந்த ஃபிஷர் அண்ட் லட்லோ ஆலையை 1953இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் அச்சிட்டுத் தர ஆளில்லை. ஆகவே உடலைத் துண்டு துண்டாக வெவ்வேறு ஆலைகளில் செய்து, கடைசியில் போல்ட் போட்டுப் பூட்டிக்கொள்ளும்படி வடிவமைத்தார்கள். இத்தாலியர் ஜியோவான்னி மிக்கெலாட்டி அதற்கு அழகிய உருவம் கொடுத்தார். முன்புறத் தகடு முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கிச் சாயும்; எஞ்சினும் முன் சக்கர அமைப்பும் திறந்த புத்தகம்போல் கண்முன் கிடக்கும். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம். 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். தொழிற்சாலைக்கு நேர்ந்த நெருக்கடி, கழற்றிப் பூட்டக் கற்பவருக்கு வாய்ப்பாகிவிட்டது.

துண்டுகளாக வந்து பூட்டப்படும் கார் வேறு நாடுகளில் செய்யவும் ஏற்றது. இந்தியாவில் 1949இல் முழுமையாகப் பூட்டிய கார்களின் இறக்குமதி தடுக்கப்பட்டது. 1953இல் அரசு மேலும் ஒரு படி சென்று, உதிரிபாகங்களைப் படிப்படியாக உள்நாட்டிலேயே செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இங்கே இடமில்லை என்றது. ஜெனரல் மோட்டார்சும் ஃபோர்டும் கடையைக் கட்டின. எஞ்சியவற்றுள் மக்கள் அறிந்த கார்கள் மூன்று: கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் அம்பாசடராக மாறிய மாரிஸ், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்டு. 1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வண்டலூருக்கு அருகே பெருங்களத்தூரில் வேன்கார்டு, எயிட், டென் ஆகியவற்றைச் செய்தபின் 1961 முதல் 948 சிசி எஞ்சின் கொண்ட ஹெரால்டைச் செய்தது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு என்ற பெயரே 1963இல் கார்களிலிருந்து மறைந்துவிட்டது. சென்னையில் அது மேலும் கால் நூற்றாண்டு வாழ்ந்தது.

இங்கேதான் நமக்கு ஆர்வமூட்டும் பகுதி தொடங்குகிறது. சென்னை ஹெரால்டு இங்கிலாந்து ஹெரால்டின் நகலாக நின்றுவிடவில்லை. அங்கே கடைசிவரை ஹெரால்டு சலூனுக்கு இரண்டே கதவுகள். இங்கே குடும்பம் முழுவதும், பாட்டி உட்பட, பின்னிருக்கையில் ஏறி இறங்க வேண்டுமே! 1960களின் பிற்பகுதியில் நான்கு கதவு ஹெரால்டு சென்னையில் பிறந்தது. உலகில் வேறெங்கும் அது செய்யப்படவில்லை. பின் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறி இறங்கும் ஸ்விங் ஆக்சில் அமைப்பு நம் சாலைகளுக்கும் நம் மெக்கானிக்குகளுக்கும் ஒத்துவரவில்லை; 1972இல் ஹெரால்டின் வழித்தோன்றலாக வந்த கெசலில் அது நீக்கப்பட்டு வழக்கமான ஒற்றை அச்சு பொருத்தப்பட்டது. கெசல் 1977வரை வந்தது. பின்னர் 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 இன்னும் விந்தை: 1976இல் இங்கிலாந்தில் வெளியான ரோவர் காரின் உடலுக்குள், 1940களின் வேன்கார்டு எஞ்சினிலிருந்து வந்த இதயம். மேலெழுத்தும் அடியெழுத்தும் வேறு வேறு காலத்தவையான சுவடிபோன்றது அக்கார். அது விலைபோகவில்லை, 1980களின் இறுதியில் ஆலை ஓய்ந்தது.

ஆக, நான்கு கதவு ஹெரால்டு ஒன்றைச் செப்பனிடுபவர் கையில் இருப்பது பெருங்களத்தூரின் தொழில் வரலாற்று ஆவணம். அதைப் படிக்கத் தெரிய வேண்டும்.

நம் நண்பர் ஒருவர் அத்தகைய கார் ஒன்றை ஒரு மாட்டுத்தொழுவத்திலிருந்து மீட்டெடுத்தார். மெக்கானிக் வேலையில் முன் அனுபவம் ஏதும் இல்லாதவர், தமிழ் படித்தவர். அவர் முதலில் சென்ற பட்டறையில், உடலை முழுவதும் பிரித்து மணல்வீச்சு முறையால் பெயிண்டையும் துருவையும் ஒரே நாளில் உரித்துவிடலாம் என்றார்கள். மணல்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதும் நண்பருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாசகர்கள் பலருக்கும் அப்படியே இருக்கும். திருப்பணி என்ற பெயரில் அழுத்தத்தோடு மணலை வீசிச் சுண்ணாம்புப் பூச்சை உரித்தபோது, சுண்ணாம்போடு சோழர் எழுத்தும் சிற்பத்தின் முக நயமும் தேய்ந்துபோன கோயில்கள் தமிழகத்தில் எத்தனை! காருக்கும் கோயிலுக்கும் பயன்படுவது ஒரே கருவிதான். மெல்லிய கார்த் தகட்டில் அது சூட்டால் நெளிவையும் உண்டாக்கும். தடித்த சட்டத்துக்கு அதைப் பயன்படுத்துவதில் நமக்கு மறுப்பில்லை. உடலுக்கு வேண்டாம்.

அவர் வேறு வழியில் சென்றார். கதவுத் தூணின் உட்புறத்தில் உள்ளங்கையளவு இடத்தில் மட்டும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்தார். (பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், உலர்வாகத் தேய்த்துத் தூசியைச் சுவாசிக்கக் கூடாது. பழைய பிரேக் ஷூவின் தூளில் கல்நார் இருக்கலாம். அதை வாயால் ஊதுவதை அறவே கைவிட வேண்டும்.) மேலே வெள்ளை, அதன்கீழ் பட்டி, அதன்கீழ் பச்சை, அதற்கும் கீழே ஆலை அடித்த சாம்பல் நீலம். மண்ணடுக்குகளைப் பிரித்துப் பார்க்கும் அகழாய்வாளரின் வேலை இதுவே. அந்த உள்ளங்கையளவு இடத்தை அவர் மீண்டும் மூடவில்லை. கதவின் உட்பலகையைக் கழற்றியபோது அதன் பின்னால் பென்சிலால் தமிழில் 'இடது முன்' என்று எழுதியிருந்தது. ஆலையிலா, பின்னாளில் குஷன் வேலை செய்தவரா, யார் எழுதியது என்று தெரியாது. பலகை உளுத்துப்போயிருந்ததால் புதிய பலகை பொருத்தப்பட்டது. பழையது உறையிட்டு வைக்கப்பட்டிருக்கிறது.

ஹெரால்டில் தொடக்க நிலையினர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. உடலுக்கும் சட்டத்துக்கும் இடையே, போல்ட் இறங்கும் இடங்களில், சிறு தகட்டுத் துண்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். கதவு இடைவெளி சீராக அமையும்வரை ஆலைத் தொழிலாளி ஒன்று கூட்டி, ஒன்று குறைத்து வைத்தவை அவை. ஒவ்வொரு காருக்கும் அந்த எண்ணிக்கை வேறு. எந்த இடத்தில் எத்தனை துண்டு என்று எழுதிக்கொள்ளாமல் உடலைத் தூக்கிவிட்டால், மீண்டும் பூட்டும்போது கதவு சாத்தாது. மாதக்கணக்கில் போராட வேண்டும். கழற்றும் முன் கதவு இடைவெளிகளை அளந்து எழுதுவது, ஒவ்வொரு படிக்கும் படம் எடுப்பது, போல்ட்டுகளைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சீட்டு ஒட்டுவது ஆகிய மூன்றும் செய்தவருக்கு வேலை பாதி முடிந்தது. திருமழபாடியில் புத்தகத்தில் படியெடுத்த அந்தக் கணக்கரின் வேலைதான் இது. நண்பரின் நோட்டில் முதல் நாற்பது பக்கங்களும் கழற்றியதைப் பற்றியே. ஸ்பானரின் அளவுகூட எழுதியிருக்கிறார்.

அடுத்து வந்தது உண்மையான சோதனை. ட்ரையம்ஃப் கார்களுக்கு இங்கிலாந்தில் இரசிகர்கள் மிகுதி. ரப்பர் பீடிங் முதல் சட்டத்தின் பக்கக் கைகள்வரை பல உதிரிபாகங்களை அங்கே இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பணம் இருந்தால் பெட்டி வீட்டுக்கே வந்துவிடும். சென்னையில் கிடைப்பதோ புதுப்பேட்டையில் நாள்முழுதும் அலைந்தால் ஒன்றோ இரண்டோ. ஆகவே இந்திய ஹெரால்டுகள் பல, செப்பனிடப்படும் போக்கில் இங்கிலாந்து ஹெரால்டுகளாக மாறிவருகின்றன. முன் கம்பித்தட்டி, சின்னம், கைப்பிடி எல்லாம் அங்கிருந்து வருகின்றன. கடைசியில் மூக்கில் 'ட்ரையம்ஃப்' என்ற எழுத்தும் ஏறிவிடுகிறது. சென்னையில் செய்த காருக்கு அந்தப் பெயர் இருந்ததேயில்லை! 'அதுதானே ஒரிஜினல்' என்கிறார்கள். இதைத்தான் நாம் வன்மையாக மறுக்கிறோம்.

பாடபேதம் பிழையன்று. ஒரு சுவடியில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் இருந்தால், உ.வே.சாமிநாதையர் ஒன்றை மூலமாகக் கொண்டு மற்றதை எறிந்துவிடவில்லை; பிரதிபேதம் என்று அடியில் குறித்தார். கிடைக்காததைத் தாமே இயற்றிச் சேர்க்கவும் இல்லை. பதிற்றுப்பத்தை 1904இல் அவர் பதிப்பித்தபோது முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை. பெயர் பத்துப் பத்து, நூலில் இருப்பது எட்டுப் பத்து. அந்தக் குறையோடுதான் அச்சிட்டார். அவருக்கிருந்த புலமைக்கு இருபது பாடல் எழுதிச் செருகியிருந்தால் எவரால் கண்டுபிடித்திருக்க முடியும்? சென்னை ஹெரால்டின் நான்கு கதவும், உள்நாட்டுக் கம்பித்தட்டியும், இங்கே வார்த்த கைப்பிடியும் பாடபேதங்கள். 1949இல் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ், 1960களின் தொடக்கத்தில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா எனச் சென்னையைச் சுற்றி உதிரிபாக ஆலைகள் எழுந்த காலம் அது. ஒரு டைனமோவையோ சக்கரத்தையோ எறிவதற்குமுன், துருவைத் துடைத்து அதில் எந்த ஊர் முத்திரை இருக்கிறது என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

அப்படியானால் எதையும் மாற்றவே கூடாதா? கார் ஓட வேண்டும். ஓடும் கார் நிற்கவும் வேண்டும். பிரேக் குழாய், ரப்பர் வாஷர்கள், டயர், மின்கம்பி ஆகியவற்றில் பழமை பேசுவது உயிரோடு விளையாடுவது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000ஆம் ஆண்டு ஒழிந்தது. அதை நம்பிச் செய்யப்பட்ட எஞ்சினில் வால்வு அமரும் இடங்களுக்குக் கடினமான வளையங்கள் போட்டுக்கொள்வது நல்லது. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025க்குள் நாடெங்கும் வந்துவிட்டது; பழைய ரப்பர் குழாய்களை அது அரிக்கும். அவற்றை மாற்றாமல் விட்டால் வரலாறு மிஞ்சாது, தீதான் மிஞ்சும். மாற்றுங்கள், மாற்றிய நாளை எழுதுங்கள், கழற்றியதைச் சீட்டெழுதிப் பெட்டியில் போடுங்கள். புதிய துண்டுத் தகடு ஒட்டினால் அதன் உட்புறத்தில், கண்ணில் படாத இடத்தில், ஆண்டைப் பொறித்துவிடலாம். நண்பர் அப்படித்தான் செய்திருக்கிறார். ஆண்டுக்குப் பக்கத்தில் 'பழங்கற்படி' என்றும் பொறித்திருக்கிறார். டிங்கர் அண்ணன் அது அவருடைய ஊர்ப்பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அரசின் விதியும் இப்பக்கமே சாய்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 சூலையில் செய்யப்பட்ட திருத்தம், முதற்பதிவாகி ஐம்பது ஆண்டுகள் கடந்த சொந்தப் பயன்பாட்டு ஊர்திகளுக்கு 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் வழங்க வழிசெய்தது. பத்தாண்டுகளுக்கு அது செல்லும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என வகுத்தார்கள். அன்றாட ஓட்டத்துக்கு இடமில்லை. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கே. இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறு: சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவை மூல வடிவில், பெரிய மாற்றமின்றி இருக்க வேண்டும் என்கிறது விதி. பெட்ரோல் எஞ்சினை எறிந்துவிட்டு டீசல் எஞ்சின் மாட்டிய கார்கள் நம் ஊரில் எண்ணற்றவை. அன்றைக்கு அது பிழைப்புக்கான வழி. குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் இன்று செப்பனிடத் தொடங்குபவர், எஞ்சின் எண்ணையும் சட்ட எண்ணையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபின்பே விலை பேச வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. பெருங்களத்தூர் ஆலை இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிகள். 1970இல் இருபது வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவருக்கு இன்று எழுபத்தைந்துக்கு மேல் ஆகியிருக்கும். நான்கு கதவுக்காகக் கூட்டை எந்த இடத்தில் வெட்டி ஒட்டினார்கள், கதவு இடைவெளித் துண்டுகளைக் கையால் தள்ளிப் பார்த்தே வைத்தார்களா, அளவுகோல் இருந்ததா, அந்தச் சாம்பல் நீலத்துக்கு ஆலையில் என்ன பெயர், உட்பலகையில் பென்சிலால் எழுதும் வழக்கம் இருந்ததா என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் நாம் காணாதவை. தாம்பரத்திலும் வண்டலூரிலும் கூடுவாஞ்சேரியிலும் உள்ள வாசகர்களின் தெருவில் அத்தகைய பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். சென்று பாருங்கள், போகும்போது நோட்டு ஒன்றையும், காரின் கதவுத் தூண் படம் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். படத்தைப் பார்த்ததும் பேச்சு தானே வரும்.